ஒன்பதாம் எண்ணுக்கு மூன்று வரி

காலர் முதலில், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை, கடைசியில்தான் முதுகு. இந்த வரிசை தப்பினால் தேய்த்த இடமே மறுபடி கசங்கும். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் இப்படித்தான் தேய்க்கிறேன், ஆனால் இன்றைக்கு இந்த ஒரு காலரிலேயே கால் மணி நேரமாக நின்றுகொண்டிருக்கிறேன். மணி மூன்றே முக்கால். ஐந்துக்கு மைதீன் போட்டி முடிவுப் பட்டியலைக் குழுவில் போட்டுவிடுவான். அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான், அந்த ஆட்டத்தில் படகு திரும்பி வரும் என்றோ வராது என்றோ. போனைக் கவிழ்த்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன், கவிழ்த்து வைத்தால் மட்டும் அதில் இருக்கிற படம் அழிந்துவிடுமா. மனைவி கோகிலா வாசல் பக்கம் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், அந்த வாசமும் ஈரச்சட்டை சுடுகிற வாசமும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. "ஏனுங்க, அந்தக் காலர் என்னத்துக்கு ஆகறது, ஒரே எடத்துல வெச்சு இழுத்துட்டு இருக்கறீங்க" என்கிறாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்கிறேன், கருகவில்லை, கொஞ்சம் பளபளப்பு ஏறியிருக்கிறது. நாளைக்கு கம்பெனியில் யாரும் என் காலரைப் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் என்ன, பளபளப்பு ஒரு குற்றமா. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும், நான் தண்ணீர் தெளித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

விளையாட்டுச் சாவடி என்று போனில் எங்களுக்கு ஒரு குழு. முந்நூற்று நாற்பது பேர். வீடியோ கேம் விளையாடுகிறவர்கள், விளையாடியதைப் பற்றித் தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். எனக்கு நாற்பத்து நான்கு வயது, பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு, வெளியே சொன்னால் சிரிப்பார்கள், "இந்த வயசுல கேமா திருமூர்த்தி" என்பார்கள். சாவடியில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே யாரும் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதுதான் அந்த இடத்தின் பெருமை. வருஷத்துக்கு ஒருமுறை விமர்சனப் போட்டி. குழுவை நடத்துகிற மைதீன், எழுதியவர்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு மூன்று நடுவர்களுக்கு அனுப்புவான். நடுவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரி எழுத வேண்டும், முதல் வரி பிடித்தது, இரண்டாவது குறை, மூன்றாவது அடுத்த முறைக்கு ஒரு யோசனை. அதைக் குழுவில் எல்லோரும் படிப்பார்கள். பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பெயருக்குப் பக்கத்தில் மூத்த விமர்சகர் என்று போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு விதிதான் கறாரானது, விளையாடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். மீறினால் கட்டுரை தள்ளுபடி. நாலு வருஷத்தில் யாரையும் தள்ளியதில்லை. முதல்முதலாகத் தள்ளியது இந்த வருஷம், நடுவராக இருக்கிற நான். ஒன்பதாம் எண் கட்டுரைக்கு என் மூன்று வரி இப்படி: மொழி தெளிந்த நீர் மாதிரி இருக்கிறது. கடைசியில் படகு திரும்பி வருவதாக எழுதியிருப்பது ஆட்டத்திலேயே இல்லை. அடுத்த முறை விளையாடிவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு வைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். சிரித்துக்கொண்டே ஒருத்தரைப் பொய்யர் என்று முந்நூற்று நாற்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலையில் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒன்பது நான்தாங்க, ஜெசிந்தா மேரி, திண்டுக்கல். விளையாடித்தான் எழுதினேன். பரவாயில்லை. இவ்வளவுதான். அதற்குப் பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டார்கள், எதற்குக் கும்பிட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறவள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், யாருக்காவது பிறந்தநாள் என்றால் மட்டும் வாழ்த்துச் சொல்வாள், எழுதியது இதுதான் முதல் தடவை. பரவாயில்லை. அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அடுத்தது கோகிலாவின் ரவிக்கை, இது கடினம், கைப்பக்கம் உள்ளே திருப்பித் தேய்க்க வேண்டும். மதியம் சாப்பிட்டு எழுந்தபோது மைதீனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜெசிந்தா தன் டிவியை போனில் பிடித்த படம். திரையில் ஆறு, கரையில் ஓடக்காரி, எதிரே வெறும் படகு ஒன்று அவளை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. டிவி கண்ணாடியில் ஜெசிந்தாவின் முழங்காலும், காயப்போட்ட வெள்ளை உடுப்பும் மங்கலாகத் தெரிந்தன. கீழே மைதீனின் குரல் பதிவு, மேலப்பாளையத்துக்காரன், எதையும் எழுத மாட்டான், பேசித்தான் அனுப்புவான். "அண்ணே, அந்த அக்கா இதை எனக்கு மட்டும் அனுப்பிருக்காவ. எனக்கு ஒண்ணும் புரியல. மத்த ரெண்டு நடுவரும் அந்த ஆட்டத்தைத் தொட்டதே கெடையாது. நீங்கதான முடிச்ச ஆளு, நீங்க என்ன சொல்லுதியளோ அதான். அஞ்சு மணிக்குப் போடணும்லா, அதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லிருங்க." நீங்கதான முடிச்ச ஆளு. ரவிக்கையின் கொக்கி பெட்டியில் பட்டு டக்கென்று சத்தம் கேட்கிறது. நான் முடித்த ஆள் இல்லை. இதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கவே மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. சொல்லிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இடிந்து விழவில்லை, கோகிலா கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள். மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்கு யார் சாட்சி.

அந்த ஆட்டத்தில் நாம்தான் ஓடக்காரி. அணை கட்டியதால் பள்ளத்தாக்கு முழுகப்போகிறது, ஊர் சனத்தை ஒவ்வொரு நடையாக அக்கரை சேர்க்க வேண்டும். மூன்றாவது நடையில் ஒரு எருமை. எருமையை ஏற்றிக்கொண்டு சுழலைத் தாண்ட வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு நாளா இரண்டு நாளா, பன்னிரண்டு நாள். படகு சாயும், எருமை ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்கும், முழுகிவிடும். அந்தப் பார்வை இருக்கிறதே, அதை வரைந்தவன் எவனோ நன்றாக எருமை பார்த்திருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் எழுதிய போட்டிக்கு இரண்டே நாள் இருந்தது. எவனோ ஒருத்தன் ஆட்டத்தை முழுசாக ஆடி வீடியோ போட்டிருந்தான், அதில் எருமைக்கு அப்புறம் உள்ளதையெல்லாம் பார்த்துக்கொண்டேன், அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில். கடைசிக் காட்சியில் எல்லாரையும் ஏற்றிப் படகைத் தள்ளிவிட்டு ஓடக்காரி மட்டும் கரையில் நிற்பாள். திரும்பு என்று ஒரு பொத்தான் மின்னும். வீடியோக்காரன் உடனே அழுத்தினான், அவள் திரும்பி மேட்டில் ஏறிப் போனாள், முடிந்தது. நானும் முடித்தேன், நாலு பக்கம் எழுதினேன், முதல் பரிசு கொடுத்தார்கள், மூத்த விமர்சகர் ஆனேன், அடுத்த வருஷம் நடுவர் ஆனேன். ஜெசிந்தா எழுதியிருப்பது என்னவென்றால், அந்தப் பொத்தானை அழுத்தாமல் பதினோரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம், படகு அவளை ஏற்றிக்கொள்ளத் திரும்பி வந்ததாம். படித்தபோது எனக்கு வந்த கோபம் இப்போதும் நினைவிருக்கிறது. யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்கிற கோபம். வீடியோ பார்த்து எழுதுகிறவர்கள்தான் இப்படிக் கதை விடுவார்கள் என்று எனக்கு எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. தன்னைப் போல் பிறரை நினை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன். வீடியோ போடுகிறவன் பதினோரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டான், பார்க்கிறவன் ஓடிவிடுவான். அந்தக் கரையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் படகு தெரியும்.

வேலையில் நான் அப்படி இல்லை, அது சத்தியம். பம்பை மேடையில் ஏற்றி, தண்ணீர் விட்டு, முழு நேரமும் ஓட விட்டுப் பார்க்காமல் ஒரு தாளில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. மாசக் கடைசியில் மேனேஜர் வந்து தலைக்குமேல் நிற்பார், "ஏனுங்க திருமூர்த்தி, எல்லாம் ஒரே லாட்டுல வந்த பம்புதானுங்க, கையெழுத்தப் போட்டு உடுங்க" என்பார், மாட்டேன் என்பேன். அதற்காக என்னைக் கல்லுப்பிள்ளையார் என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கல்லுப்பிள்ளையார்தான் வீட்டுக்கு வந்து ஒன்றரை மடங்கு வேகத்தில் அழகாக நாலு பக்கம் எழுதினார். இல்லை, இது முதல் தடவையும் இல்லை. பத்தொன்பது வயதில் பழனிக்கு, படியேறி வருவதாக அம்மா வேண்டிக்கொண்டாள், ஏற வேண்டியவன் நான். கீழே வெயிலைப் பார்த்தேன், இழுவை ரயிலில் ஏறிப் போய்விட்டேன். வீட்டில் கேட்டபோது படி ஏறினேன் என்றேன். அம்மா ஒன்றும் சந்தேகப்படவில்லை, கால் வலிக்குமே சாமி என்று தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் உருவிவிட்டாள். நான் வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். எண்ணெய் போட்ட பிறகு சொல்ல முடியாது. சாவடியும் அப்படித்தான், முந்நூற்று நாற்பது பேரும் என் காலில் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் எழுதின மாதிரி வருமா, அண்ணன் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும் என்பார்கள். போன மாசம் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து எங்கிருந்தோ ஒருத்தர் கஷாயம் வைக்கிற முறையை எழுதி அனுப்பினார். இவர்களிடம் போய் எப்படிச் சொல்வது. சொன்னால் திட்ட மாட்டார்கள், அதுதான் பயம். விடுங்கண்ணே, யாருக்குத்தான் நடக்கல என்பார்கள். சொல்லிவிட்டு அடுத்த முறை ஏதாவது ஆட்டத்தைப் பற்றி நான் எழுதும்போது ஒவ்வொருத்தரும் மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள், இதையாவது ஆடினானா என்று. கேட்க மாட்டார்கள், நினைத்துக்கொள்வார்கள்.

நாலேகால். இன்னொரு வழியும் இருக்கிறது, அது நான் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அசல் ஆட்டத்தை யாரோ மாற்றி அமைத்த பதிப்பாக இருக்கலாம் தம்பி, இப்போது நிறைய அப்படி வருகிறது. இவ்வளவு சொன்னால் போதும். மைதீன் நம்புவான், அவன் நான் சொல்வதை நம்புகிற பழக்கத்தில் இருக்கிறான். ஜெசிந்தா மறுபடியும் பரவாயில்லை என்பாள். அப்புறம் ஒருநாள் சத்தமில்லாமல் குழுவிலிருந்து போய்விடுவாள், போனார் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும், அதன் மேல் யாராவது காலை வணக்கம் போடுவார்கள். என் கை பேண்ட்டின் மடிப்பை நேராக்கிக்கொண்டே இருக்கிறது, மனசு அந்த வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டது, எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள், உண்மையை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வர மாட்டேன் என்கிறது. டிவி கண்ணாடியில் தெரிந்த அந்த முழங்கால். வேலை முடிந்து வந்து உடுப்பை அலசிக் காயப்போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து அந்த எருமையைச் சுழல் தாண்ட வைத்திருக்கிறாள். எத்தனை தடவை மூழ்கடித்தாளோ. யாரும் கேட்டிருக்கவே கூடாத ஒரு சாட்சியை அவள் கொண்டுவந்து நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது, அதையும் குழுவில் போட்டு என்னை அவமானப்படுத்தாமல் மைதீனிடம் தனியாகக் கொடுத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். "பெட்டிய அணைச்சுப்போட்டு யோசிங்க, கரண்டு பில்லு ஏறுது" என்று கோகிலா கீரைத் தட்டோடு உள்ளே போகிறாள். என்ன யோசனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லியிருக்க மாட்டேன்.

போனைத் திருப்பினேன். தம்பி, அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரியாத இன்னொரு முடிவு இருக்கிறது போல. படம் சரியானதுதான். தப்பு என்னுடையது, ஒன்பதைச் சேர்த்துக்கொள். எழுதி, போல என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு, மறுபடி போட்டு, அனுப்பினேன். நாலு மணி இருபத்தேழு நிமிஷம். நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், மீதியிருந்த இரண்டு சட்டையையும் சடசடவென்று தேய்த்தேன். இதில் ஒரு பொய்யும் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாத முடிவு, உண்மை. தப்பு என்னுடையது, உண்மை. தெரிந்த முடிவு எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டார்களா, இல்லையே. ஐந்துக்கு மைதீன் பட்டியலைப் போட்டான். ஒன்பதுக்கு இரண்டாம் பரிசு. அதோடு விட்டிருக்கலாம், குரல் பதிவு ஒன்றும் போட்டான். "நம்ம திருமூர்த்தி அண்ணன் எவ்வளவு பெரிய மனசுன்னு பாருங்க. நடுவரா இருந்துக்கிட்டு தன் தப்பைத் தானே ஒத்துக்கிட்டாவ. இதாம்ல நம்ம சாவடி." அதற்குக் கீழே கைதட்டல்கள் வந்து விழுந்தன, முப்பது, நாற்பது, நிற்கவே இல்லை. நேர்மை என்று ஒருவர் எழுதினார். தலைவணங்குகிறேன் என்று ஒருவர். நான் நீலச்சட்டையை மடித்த கையோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பாதி உண்மை சொன்னதற்கு இவ்வளவு கூலி. சிரிக்கிற முகம் வைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு அசிங்கமாக இல்லை.

ஐந்தேகாலுக்கு ஜெசிந்தாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. இதுவரை அவள் எனக்குத் தனியாக எழுதியதில்லை. திறக்கப் பயமாக இருந்தது, திறந்தேன். சார், ரொம்ப நன்றி. மறுபடி ஆடிப் பார்த்தீங்களா, உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. உங்க விமர்சனத்தைப் படிச்சுட்டுத்தான் நான் அந்த ஆட்டத்தையே ஆரம்பிச்சேன். கடைசில அவ தனியா நிக்கிற எடத்துல தாங்க முடியாம அழுதுட்டேன்னு எழுதியிருந்தீங்க. நான் அங்க வந்தப்ப எனக்கு அழுகை வரல சார். ஐசியூல பதினாறு வருஷம். பார்த்துப் பார்த்து எனக்கு உள்ள மரத்துப்போச்சோன்னு கொஞ்ச நாளாவே ஒரு பயம். ஒரு பொம்மைப் படத்துக்கு ஒரு மனுஷன் அழறாரு, எனக்கு வரலையேன்னு அப்படியே எதையும் அமுக்காம உக்காந்திருந்தேன். வந்துடும் வந்துடும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அழுகை வரல, படகுதான் வந்துச்சு. நீங்க அழுதது சரியா எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லுங்க சார், நான் அங்க நிறுத்தி இன்னொரு தடவை பாக்கறேன்.

படித்தேன். மறுபடி படித்தேன். தாங்க முடியாமல் அழுதேன் என்று நான் எழுதியிருந்தேனா. எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பத்தியில், அந்த இடத்தில் கட்டுரை கொஞ்சம் வறண்டு கிடந்தது என்று சேர்த்தது, ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் ஒருத்தி, சாகிறவர்களுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷம் நின்றவள், தன் நெஞ்சு மரத்துப்போய்விட்டதா என்று தரையில் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்றைக்கு ராத்திரி மறுபடியும் உட்காரப்போகிறாள். நான் ஒரு இடத்தைச் சொன்னால் அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். எனக்கு ஏதேதோ வந்தது, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, எனக்கும் இரண்டாம் தடவை அழுகை வரவில்லை என்கிற மாதிரி, நல்ல நல்ல வாக்கியங்களாக வந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். மேலே இருபது நிமிஷமாகக் கைதட்டல் இன்னும் வந்துகொண்டிருந்தது. எழுத்துப் பிழையோடுதான் அடித்தேன், திருத்தவில்லை. நான் அழவில்லைங்க. நான் அந்த இடத்துக்கே போகவில்லை, மூன்றாவது நடையிலேயே நின்றுவிட்டேன், மிச்சத்தை வீடியோவில் பார்த்து எழுதினேன். அழுதேன் என்று எழுதியது பொய். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு அனுப்பிவிட்டு, அதையே எடுத்துக் குழுவிலும் போட்டேன்.